வரி வரியாக விரியும் சாலை

‘சூப்பர் மாரியோ கார்ட்’ விளையாட்டில் மாரியோவின் வண்டி பாதையின் ஓரத்துக்குப் போனால், அங்கே வரிசையாக இருக்கும் வண்ணக் கட்டைகளில் முட்டித் திரும்பும். அந்தக் கட்டைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவற்றுக்கு உயரமே கிடையாது! தரையோடு தரையாக வரைந்த படமாகத்தான் கிடக்கின்றன. ஆனால் வண்டியால் அவற்றைத் தாண்ட முடிவதில்லை. சுவரில் மோதிய மாதிரி பின்னால் தெறிக்கிறது.

உயரமில்லாத சுவர் எப்படித் தடுக்கிறது? இதற்கு விடை தேடப் போனால், அந்தச் சாலையே நாம் நினைக்கிற மாதிரியான சாலை இல்லை என்பது தெரியவரும்.

விளையாட்டைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. 1992 ஆகஸ்ட் 27 அன்று ஜப்பானில் வெளியானது. கியோட்டோ நகரிலுள்ள நின்டெண்டோ நிறுவனத்தில் ஹிடேகி கொன்னோ, டடாஷி சுகியாமா ஆகிய இருவரும் இதை இயக்கினார்கள். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ தயாரிப்பாளர். இது ஓடிய கன்சோலுக்கு, அதாவது டிவியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிக்கு, ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்று பெயர், மற்ற பல நாடுகளில் சூப்பர் நின்டெண்டோ. அதன் மூளையான சிப் நொடிக்கு அதிகபட்சம் 36 லட்சம் முறைதான் துடிக்கும். இன்றைக்கு நம் வீட்டிலிருக்கும் கைபேசியின் சிப் நொடிக்குச் சுமார் 200 கோடி முறை துடிக்கிறது. அவ்வளவு மெதுவான சிப்பை வைத்துக்கொண்டு, மலையும் மேடும் உள்ள ஒரு முப்பரிமாண உலகத்தைக் கட்டி அதற்குள் வண்டி ஓட்டுவது நடக்காத காரியம். ஆனாலும் திரையில் சாலை நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது, தூரத்தில் குறுகுகிறது, வண்டி திரும்பினால் சுழல்கிறது.

சூப்பர் நின்டெண்டோவில் பின்னணிப் படத்தைக் காட்ட எட்டு முறைகள் உண்டு. 0 முதல் 7 வரை எண் கொடுத்திருந்தார்கள். கடைசியான ‘மோட் 7’ மற்றவை போன்றது அல்ல. மற்ற முறைகளில் படத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம், அவ்வளவுதான். மோட் 7-இல் ஒரே ஒரு படத்தைத்தான் வைக்க முடியும். ஆனால் அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், சுழற்றலாம். மாரியோ கார்ட்டின் ஒவ்வொரு பந்தயப் பாதையும் அப்படி ஒரே ஒரு படம்தான். வானத்திலிருந்து நேராகக் கீழே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்த தட்டையான படம். அகலம் 1024 புள்ளிகள், நீளம் 1024 புள்ளிகள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1024-ஐ 1024-ஆல் பெருக்கினால் 10,48,576 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நினைவில் வைக்க ஒரு பைட் வேண்டும் என்றால், ஒரு பாதைக்கு மட்டும் 1024 கிலோபைட் தேவை. ஆனால் மாரியோ கார்ட் விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ் மொத்தமே 512 கிலோபைட்தான்! அதற்குள் 20 பந்தயப் பாதைகள், எட்டு ஓட்டுநர்கள், இசை, ஒலி எல்லாமே இருந்தாக வேண்டும். ஒரு பாதையின் பாதிப் படத்துக்கே கார்ட்ரிட்ஜ் நிரம்பிவிடும்.

அதனால் படத்தை முழுதாக வைக்கவில்லை. தரைக்கு டைல்ஸ் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதே வேலைதான். 8 புள்ளி அகலம், 8 புள்ளி நீளமுள்ள சின்னச் சின்னக் கட்டங்கள் 256 வகை. ஒன்று வெறும் தார்ச்சாலை, ஒன்று புல், ஒன்று சாலையின் ஓரக்கோடு, ஒன்று வண்ணக் கட்டையின் ஒரு துண்டு. இந்தக் கட்டங்களின் நிறங்களை வைக்க 16 கிலோபைட் போதும். பாதை முழுவதும் 128 வரிசை, வரிசைக்கு 128 கட்டம். எந்த இடத்தில் எந்தக் கட்டம் என்று எண்ணாக எழுதி வைக்க இன்னொரு 16 கிலோபைட். ஆக மொத்தம் 32! 1024 எங்கே, 32 எங்கே? கார்ட்ரிட்ஜில் அதையும் இன்னும் சுருக்கித்தான் வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்ட எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வண்டி இப்போது எந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது என்று கன்சோல் பார்த்துக்கொண்டே இருக்கும். தார்ச்சாலை எண் என்றால் வேகமாகப் போகவிடும். புல் எண் என்றால் வேகத்தைக் குறைக்கும். வண்ணக் கட்டை எண் என்றால் பின்னால் தள்ளும். அந்தச் சுவர் உயரத்தால் தடுக்கவில்லை, எண்ணால் தடுக்கிறது.

சரி, வானத்திலிருந்து பார்த்த தட்டைப் படம் எப்படி நம் கண்முன்னே நீண்டுகிடக்கும் சாலையாக மாறியது? எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதில் இருப்பது நீங்கள் நான்காம் வகுப்பிலேயே படித்துவிட்ட வகுத்தல் கணக்கு.

கோடு போட்ட நோட்டுப்புத்தகம் ஒன்றை மேசையில் திறந்து வையுங்கள். கோடுகள் உங்களுக்குக் குறுக்காக ஓடும்படி வையுங்கள். இப்போது குனிந்து, கண்ணை மேசைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து பாருங்கள். பக்கத்திலிருக்கும் கோடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி தெரியும். தள்ளிப் போகப் போகக் கோடுகள் நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோட்டில் எல்லா இடைவெளியும் ஒன்றுதான். அதை நெருக்கிக் காட்டுவது கண் இருக்கும் இடம்.

எவ்வளவு நெருங்குகிறது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. உங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கண்ணாடி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டிவி திரை. நேராகப் பார்த்தால் பார்வை தரையைத் தொடவே தொடாது, அது அடிவானம். கொஞ்சம் கீழே பார்த்தால் வெகுதூரத்தில் தரையைத் தொடும். அதைப்போல இரண்டு மடங்கு கீழே பார்த்தால் பாதித் தூரத்திலேயே தொட்டுவிடும். நான்கு மடங்கு கீழே என்றால் கால்பங்குத் தூரம்.

அந்தக் காலத்து டிவியில் படம் வரி வரியாக வரையப்பட்டது. அடிவானத்துக்குக் கீழே 80 வரிகள் தரை என்று வைத்துக்கொள்வோம். ஆக அடியிலிருக்கும் 80-ஆவது வரி 1 மீட்டர் தூரத் தரையைக் காட்டுகிறது. அப்படியானால் 40-ஆவது வரி 2 மீட்டர். 20-ஆவது வரி 4 மீட்டர். 10-ஆவது வரி 8 மீட்டர். 2-ஆவது வரி 40 மீட்டர். முதல் வரி 80 மீட்டர். 80-ஐ வரி எண்ணால் வகுத்தால் தூரம் வந்துவிடுகிறது! இதிலிருக்கும் அதிசயத்தைக் கவனியுங்கள். தரையின் கீழ்ப்பாதி முழுவதும், அதாவது 40 வரிகள் சேர்ந்து, ஒரே ஒரு மீட்டரைத்தான் காட்டுகின்றன. மேலே இரண்டாம் வரியிலிருந்து முதல் வரிக்குப் போனால் மட்டும் 40 மீட்டர் தாண்டிவிடுகிறோம். சாலை வேகமாகப் பாய்ந்து வருவதாகத் தோன்றுவது இதனால்தான். தூரத்தில் இருக்கும்வரை கட்டம் ஆமையாக நகரும். பக்கத்தில் வந்ததும் வரிகளை மடமடவென்று விழுங்கிக்கொண்டு கீழே மறைந்துவிடும்.

தூர வரியில் இன்னொன்றும் நடக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால், ஒரே வரியில் தெரிகிற தரையின் அகலமும் இரண்டு மடங்காகும். திரையின் அகலம் எப்போதும் 256 புள்ளிகள்தான். எனவே கன்சோல் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்: பாதைப் படத்தில் எங்கே தொடங்குவது, ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு தள்ளிப் போவது. பக்கத்து வரியில் சின்ன அடி. படத்தின் ஒரே புள்ளி திரையில் பல புள்ளிகளாக விரியும். தூர வரியில் பெரிய அடி. நடுவிலிருக்கும் புள்ளிகளைத் தாண்டித் தாண்டிப் போகும். வண்டி திரும்பினால் அந்த அடியைச் சாய்வாக வைக்க வேண்டும், சாலை சுழன்றுவிடும்.

இதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த விளையாட்டின் படம் எங்காவது கிடைத்தால், வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்துத் தரையைப் பாருங்கள், சொரசொரப்பான பெரிய சதுரங்களாக இருக்கும். விளையாடும்போது அடிவான ஓரத்தைப் பாருங்கள், தரை மினுக்மினுக்கென்று நடுங்கும். தாண்டிப்போன புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் மாறிக்கொண்டே இருப்பதால் வரும் நடுக்கம் அது.

ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு எண்கள் வேண்டுமே, அவற்றை எப்போது மாற்றுவது? ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த டிவிகள் நொடிக்கு 60 முறை படம் வரைந்தன. ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடிக்கும் சற்றுக் குறைவு. ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டிவிக்குள் படம் வரையும் மின்கதிர் ஒரு வரியை முடித்ததும், அடுத்த வரியைத் தொடங்கத் திரையின் இடதுபக்கத்துக்குத் திரும்பிப் போகும். அந்தச் சின்ன இடைவேளையில் எதுவும் வரைவதில்லை. அதற்குள் புதிய எண்களைப் படம் வரையும் சிப்பின் கையில் கொடுத்துவிடும் ஏற்பாடு சூப்பர் நின்டெண்டோவில் இருந்தது. மூளைச் சிப் எண்களைப் பட்டியலாக எழுதி வைத்துவிட்டால் போதும், வரிக்கு வரி தானாகப் போய்ச் சேரும். டிவி மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு சாலையையே படுக்கவைத்துவிட்டார்கள்! பொறியியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒருவர் மட்டும் விளையாடினாலும் இந்த விளையாட்டில் திரை மேலும் கீழுமாக இரண்டாகத்தான் பிரிந்திருக்கும். கீழ்ப்பாதியில் பாதை முழுவதும் வரைபடமாகத் தெரியும். அது தனியாக வரைந்தது அல்ல. மேலே சாலையாக ஓடும் அதே படம்தான், உயரத்திலிருந்து பார்க்கிற கணக்குக்கு ஏற்ற எண்களுடன். ஒரு பொத்தானை அழுத்தினால் அது வண்டிக்குப் பின்னால் தெரியும் காட்சியாக மாறும். அதுவும் அதே படம்தான், திருப்பிப்போட்டது.

தரை தயார். ஆனால் பாதையில் இருக்கும் குழாய்களும் மற்ற ஓட்டுநர்களும் நிமிர்ந்து நிற்க வேண்டுமே? அவை தனித்தனிப் படங்கள், ஸ்பிரைட் என்பார்கள். சூப்பர் நின்டெண்டோவால் தரையைப் பெரிதாக்க முடியும், ஸ்பிரைட்டைப் பெரிதாக்க முடியாது. அதனால் ஓவியர்கள் ஒரே குழாயைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பல அளவுகளில் வரைந்து வைத்தார்கள். ஓட்டுநர்களைப் பல கோணங்களிலும் வரைந்தார்கள். பாதையில் இந்த இடத்தில் நிற்கும் யோஷி என்ற ஓட்டுநர் திரையில் எந்த வரியில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்பது தரைக் கணக்கின் தலைகீழ்க் கணக்கு. இரண்டு பேர் விளையாடும்போது அதை இரண்டு திரைக்கும் போட வேண்டும். மூளைச் சிப்புக்கு அது பெரிய சுமை. எனவே கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கணக்குக்கென்று டிஎஸ்பி-1 என்ற இன்னொரு சிப்பை வைத்தார்கள். விளையாட்டை வாங்கினால் கூடவே ஒரு கணக்குப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்!

இரண்டு பேர் சேர்ந்து விளையாட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த விளையாட்டே பிறந்தது. 1990-இல் இதே மோட் 7 முறையில் ‘எஃப்-ஜீரோ’ என்ற அதிவேகப் பந்தயம் வந்திருந்தது, ஆனால் அதை ஒருவர்தான் விளையாடலாம். அந்த வேகத்தையும் நீண்ட நேர்ச்சாலைகளையும் இரண்டு பேருக்கான விளையாட்டில் கொண்டுவர முடியவில்லை. வேகத்தைக் குறைத்து, பாதையைச் சதுரப் படத்துக்குள் வளைத்து வளைத்து அடக்கினார்கள். அப்படிப்பட்ட பாதைக்குப் பொருத்தம் பந்தயக் கார் இல்லை, குட்டி கார்ட் வண்டிதான். முதலில் அதை ஓட்டியது மாரியோவும் இல்லை, பெயரில்லாத ஓர் ஆள். சில மாதங்கள் கழித்துத்தான் மாரியோவை உட்காரவைத்துப் பார்த்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டார்.

ஒரே தட்டைப் படம் என்பதால் இந்த 20 பாதைகளிலும் ஒரு மேடுகூடக் கிடையாது. மேடும் பாலமும் 1996-இல் ‘மாரியோ கார்ட் 64’ வந்தபோதுதான் கிடைத்தன. அது ஓடிய புதிய கன்சோலால் முக்கோணங்களை ஒட்டி ஒட்டி நிஜமான நிலத்தைக் கட்ட முடிந்தது. அதிலும் ஓட்டுநர்கள் தட்டைப் படங்களாகவே இருந்தார்கள்.

1992 விளையாட்டின் கடைசிப் பாதைக்கு ‘ரெயின்போ ரோடு’ என்று பெயர். விண்வெளியில் மிதக்கும் வானவில் நிறச் சாலை, ஓரத்தில் தடுப்பே கிடையாது. வழியில் த்வாம்ப் என்ற முரட்டுக் கல்முகங்கள் மேலிருந்து தொப்பென்று விழும். அவை எவ்வளவு வேகமாக விழுந்தாலும் சாலை அசையாது. 2011-இல் ‘மாரியோ கார்ட் 7’ விளையாட்டுக்காக அதே பாதையைத் திரும்பக் கட்டினார்கள். வளைவுகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் இப்போது த்வாம்ப் விழுந்தால் சாலை அலையலையாக எழும்பும், அந்த அலையின் உச்சியில் வண்டியைத் துள்ளவிட்டால் வேகமும் கூடும்.