சூடேற்றாமல் உருகும் பாறை

ஓமன் நாட்டில், சோஹார் நகருக்கு மேற்கே வாதி ஜிஸி என்றொரு வறண்ட ஆற்றுப்படுகை உண்டு. அதன் கரையில் கரும்பாறை உருண்டைகள், தலையணைகளைக் குவித்து வைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழ்கடல் தரையில் பிதுங்கிய எரிமலைக் குழம்பு அது. குளிர்ந்த நீர் பட்டதும் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே இளகியிருக்கும் குழம்பு அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த தலையணையாகப் பிதுங்கும்.

இத்தனை குழம்பு எங்கிருந்து வந்தது? அடியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல், நெருப்பு எழுந்து கடல்தரையைப் பிளக்கிறது என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். நடப்பது வேறு. புவி மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பகுதி 1,300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்தாலும் திடப் பாறையாகவே இருக்கிறது. மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருகவிடுவதில்லை. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்குமே, அதே கதைதான். ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால், அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே தண்ணீர் குமுறும். சூடு கூடவில்லை, அழுத்தம் குறைந்தது, அவ்வளவே.

கடலடியில் இரண்டு புவித்தட்டுகள் விலகும்போது, அந்த இடைவெளியை நிரப்பக் கவசப் பாறை மெல்ல மேலேறுகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். ஏற ஏற அழுத்தம் குறைய, பாறையின் ஒரு சிறு பங்கு உருகிக் கசிகிறது. தட்டுகளை இந்தக் குழம்பு தள்ளுவதில்லை. தொலைவில், தட்டின் மறுமுனை பூமிக்குள் மூழ்கும் எடைதான் பெரும்பாலும் இழுக்கிறது.

கசிந்த குழம்பில் ஒரு பகுதி அடியிலேயே தங்கி, நிதானமாக ஆறி, பெரிய படிகங்கள் கொண்ட கேப்ரோ பாறையாகிறது. மற்றது விரிசல்களில் ஏறி, செங்குத்துச் சுவராக உறைகிறது. அடுத்த விரிசல், இன்னும் சூடு ஆறாத அந்தச் சுவரின் நடுவிலேயே விழும். சுவர் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விலகும். பழைய கடல்தரையே நிலத்தின் மேலேறி நிற்கும் ஓமன் மலைகளில் இப்படிப்பட்ட சுவர்கள் அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள்போல் நிற்கின்றன. சிலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே குளிர்ந்த விளிம்பு இருக்கும். அவற்றின் மறுபாதி என்றோ எதிர்த்திசையில் போய்விட்டது! மேலே தலையணைகள், நடுவே சுவர்கள், அடியில் கேப்ரோ. மொத்தத் தடிமன் ஆறேழு கிலோமீட்டர்.

இன்றும் இதே வேலை, 65,000 கிலோமீட்டர் நீளக் கடலடி மலைத்தொடர் நெடுகிலும் நடக்கிறது. அரபிக் கடலில் அதன் கிளைக்குப் பெயர் கார்ல்ஸ்பெர்க் முகடு. ஆம், பீர் கம்பெனியின் பெயர்தான். 1928–30 டேனிஷ் ஆய்வுப் பயணத்துக்கு அந்தக் கம்பெனியின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1962இல் பிரிட்டிஷ் கப்பல் ஓவன் இங்கே காந்த அளவீடு எடுத்தது. பாறை ஆறும்போது அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். பூமியின் காந்தமோ அவ்வப்போது தலைகீழாகும். அளவீட்டில் மாறிமாறித் தெரிந்த காந்தப் பட்டைகளுக்கு இதுவே காரணம் என்று 1963இல் வைன், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதினர். அதே கருத்தை எழுதி அனுப்பிய கனடா ஆய்வாளர் மோர்லியின் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பின. அநியாயம்தான்.

முகட்டு விரிசல்களில் இறங்கும் கடல்நீர், 350 டிகிரிக்கு மேல் சூடேறி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கரும்புகையாக வெளியேறும். சோஹார் மலைகளின் செம்பு அப்படிப் படிந்ததுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை உருக்கிச் சுமேரியாவுக்கு அனுப்பினார்கள்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்தால் வாதி ஜிஸி பக்கம் வண்டியை விடுங்கள். கால் நனையாமல் கடல்தரையில் நின்றுவிட்டு வரலாம்.