கஹமார்க்கா பேரேடு: 6 டன் தங்கம், ஓர் உயிர்

பீட்டர் ஷாஃபரின் 1964ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி 1969இல் வெளிவந்த படம் ‘தி ராயல் ஹன்ட் ஆஃப் தி சன்’. இன்கா பேரரசு ஸ்பானியரிடம் வீழ்ந்த கதையை இரு மனிதர்களின் உறவாக அது சொல்கிறது. படைத்தலைவர் பிசாரோவாக ராபர்ட் ஷா, சிறைப்பட்ட மன்னர் அதவால்பாவாகக் கிறிஸ்டோபர் பிளம்மர். இருவரின் நடிப்பும் மனத்தில் நிற்கிறது. ஆனால் அந்த உறவின் அடியில் கிடந்த கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பெரியது என்பதை எண்கள்தான் சொல்லும். பிசாரோவின் செயலர் பிரான்சிஸ்கோ டி ஹெரெஸ் அவற்றை எழுதிவைத்திருக்கிறார். அன்றைய 1 பெசோ ஏறத்தாழ 4.55 கிராம் தங்கம். 1 மார்க் ஏறத்தாழ 230 கிராம் வெள்ளி.

ஆள் கணக்கு

அதவால்பா சிறைபிடிக்கப்பட்ட நாள்: 1532 நவம்பர் 16. இடம்: இன்றைய பெருவின் கஹமார்க்கா.

- ஸ்பானியர்: 168 பேர் (குதிரை வீரர் 62, காலாட்கள் 106)
- மன்னருடன் சதுக்கத்துக்குள் வந்தவர்கள்: ஏறத்தாழ 5,000 முதல் 6,000 பேர்; பெரும்பாலோர் கையில் ஆயுதம் இல்லை
- மாண்ட இன்காக்கள்: ஹெரெஸ் கணக்கில் 2,000, வேறு கணக்குகளில் இன்னும் அதிகம்
- மாண்ட ஸ்பானிய வீரர்: எவரும் இல்லை

பேசிய தொகை

தன் விடுதலைக்காக ஓர் அறையை நிரப்பித் தருவதாக அதவால்பா ஒப்புக்கொண்டார். நீளம் 22 அடி, அகலம் 17 அடி, உயரம் சுமார் 8 அடி. தங்கத்தால் ஒரு முறை, வெள்ளியால் இரு முறை. கெடு 2 மாதம். தங்கத்துக்குப் பேசிய கொள்ளளவு மட்டும் ஏறத்தாழ 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். இதற்காக இன்காத் தலைநகர் கூஸ்கோவின் கோரிகாஞ்சா சூரியக் கோயில் சுவர்களிலிருந்து மட்டும் 700 தங்கத் தகடுகள் பெயர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ.

உலைக் கணக்கு

1533இல் 9 உலைகள் மூட்டப்பட்டன. செய்த பொருளை உருக்கும் வேலையும் உள்ளூர்க் கொல்லர்கள் தலையிலேயே விழுந்தது.

- தங்கம்: 13,26,539 பெசோ, ஏறத்தாழ 6,036 கிலோ
- வெள்ளி: 51,610 மார்க், ஏறத்தாழ 11,870 கிலோ

அந்த 6 டன் தங்கத்தை ஒரே கட்டியாக வார்த்தால், பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தில் அடங்கிவிடும். அறை அளவில் பேசப்பட்டவை குடங்கள், கிண்ணங்கள், சிற்பங்கள். உலையிலிருந்து வந்தது எடை மட்டுமே. தலைமுறைகளின் கைவேலைக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

பங்கீடு

- ஸ்பெயின் அரசரின் ஐந்திலொரு பங்கு: 2,62,259 பெசோ, ஏறத்தாழ 1,193 கிலோ தங்கம்
- பிசாரோ: 57,220 பெசோ, ஏறத்தாழ 260 கிலோ தங்கம், 2,350 மார்க் வெள்ளி. இதற்கு மேல் மன்னரின் 83 கிலோ பொன் இருக்கை
- குதிரை வீரர் ஒருவர்: 8,880 பெசோ, ஏறத்தாழ 40 கிலோ தங்கம், 362 மார்க் வெள்ளி
- காலாள் ஒருவர்: பொதுவாக அதில் பாதி

சந்தை விலை

தங்கம் குவிந்ததும் அதன் மதிப்பு சரிந்தது. ஹெரெஸ் குறித்துள்ள விலைகள் இவை:

- குதிரை: 1,500 பெசோவுக்குக் குறையாது, ஏறத்தாழ 6.8 கிலோ தங்கம்
- ஒரு குடுவைத் திராட்சை மது: 60 பெசோ, நம் கணக்கில் 34 பவுன்
- வாள்: 40 முதல் 50 பெசோ
- காலணி ஒரு ஜோடி: 30 முதல் 40 பெசோ
- ஒரு கட்டுத் தாள்: 10 பெசோ

ஒரு பேரரசின் கோயில் பொன் சில வாரங்களில் மதுவாகவும் காலணியாகவும் கைமாறியது.

ஐந்தொகை

பங்கீடு முடிந்த ஜூலை மாதத்திலேயே, 26ஆம் நாள், அதவால்பா கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். உயிரோடு எரிப்பதாக இருந்த தண்டனை, ஞானஸ்நானம் பெற்றதால் அப்படி மாறியது. பொருள் வாங்கப்பட்டது, உயிர் திருப்பித் தரப்படவில்லை.

வரலாற்றாய்வாளர் நோபிள் டேவிட் குக்கின் மதிப்பீட்டில், 1520இல் ஏறத்தாழ 90 லட்சமாக இருந்த பெருவின் பூர்வகுடி மக்கள்தொகை 1620இல் சுமார் 6 லட்சமாகச் சுருங்கியது. தொற்றுநோய், போர், கட்டாய உழைப்பு எல்லாம் சேர்ந்து செய்த அழிவு இது. படத்தைப் பாருங்கள், ஷாவும் பிளம்மரும் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அதை இரு தலைவர்களின் சோகமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கஹமார்க்காவில் நடந்தது, ரசீது எழுதி நடத்தப்பட்ட கொள்ளை.