சாம்பலின் நிறமும் கரியின் தரமும்

ஹூக்கா கரி விற்பவர்களின் விளம்பரங்களில் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். பாதி எரிந்த கரிக்கட்டி ஒன்று, அதன் மேல் திருநீறு போல வெளுத்த சாம்பல். உலகச் சந்தைக்குப் பெருமளவில் தேங்காய்ச் சிரட்டைக் கரி அனுப்பும் நாடு இந்தோனேசியா. அங்கே விலை பேசும்போது சாம்பலின் நிறமும் பேரத்துக்கு வருகிறது: வெள்ளைக்கு உயர்ந்த விலை, பழுப்புக்குக் குறைந்த விலை. பெய்ரூட்டிலும் பெர்லினிலும் ரியாதிலும் வாங்குபவர்களுக்கு இது பழகிப்போன அளவுகோல். ஒரு கரியைப் பற்றிச் சாம்பலின் நிறம் சொல்வது மிகக் குறைவு என்பதே என் வாதம். சாம்பலின் எடை அதைவிட அதிகம் சொல்லும். கரியைப் பற்றவைத்த முதல் பத்து நிமிடங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். இது தூர தேசத்து விவகாரமும் அல்ல. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த் தொட்டி எனப்படும் சிரட்டையைச் சுடும் குழிகளிலிருந்து வெளிவரும் கரியும் இதே உலகச் சந்தையில்தான் தன் தகுதியைக் காட்டியாக வேண்டும்.

குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சிரட்டையைக் காற்று அதிகம் புகாமல் சுட்டால் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ கரி மிஞ்சும். அதைச் சலித்து, மண்ணும் நாரும் நீக்கி, பொடியாக்கி, மரவள்ளி மாவுப் பசையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெட்டி, சூட்டறையில் மெல்ல உலர்த்த வேண்டும். பசை பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாது. பெரும்பாலும் விற்பது 25 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டி; கிலோவுக்கு 72 கட்டிகள். அதாவது ஒவ்வொன்றும் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கட்டியில் தெரியும் குறை எதுவானாலும் இந்த வரிசையில் ஏதோ ஒரு கையின் அவசரம் அதற்குப் பின்னால் இருக்கும். உலர்த்தும் அறையில் சூட்டைச் சட்டென்று ஏற்றினால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் சிக்கி, மயிரிழை போல விரிசல் விழும். பசை குறைந்தால் ஓரம் உதிர்ந்து பெட்டியின் அடியில் கரித்தூள் சேரும். பசை கூடினால் கட்டி இரும்பாக இருக்கும். ஆனால் எரியும்போது தீய்ந்த மாவு வாசனை அடிக்கும். பெட்டியைத் திறந்ததும் அடியில் கிடக்கும் தூளைப் பார்ப்பதும், இரண்டு கட்டிகளைத் தட்டி ஓசை கணீரென்று வருகிறதா மொத்தென்று வருகிறதா என்று கேட்பதும், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பதும் வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்பவை. செய்யட்டும். ஆனால் இவையெல்லாம் கட்டியின் உறுதியைச் சொல்லுமே தவிர, எரிவதைச் சொல்லாது.

நிறத்துக்கு வருவோம். கரியிலுள்ள கார்பன் முழுவதும் எரிந்துபோன பிறகு மிஞ்சும் கனிமங்கள்தான் சாம்பல். அதில் இரும்பு கலந்திருந்தால் ஆக்சைடாகிச் செம்பழுப்பு ஏறும். செம்மண் தரையில் சிரட்டையைக் கொட்டி வாரினாலே அந்த இரும்பு வந்து சேர்ந்துவிடும். கரி முழுதாக எரியாமல் கொஞ்சம் தங்கிவிட்டால் சாம்பல் கறுத்துத் தெரியும். தேங்காய் விளைந்த நிலமும் உரமும் உப்புக்காற்றும்கூட இந்தக் கனிமங்களின் விகிதத்தை மாற்றும். ஆக, பழுப்புச் சாம்பல் என்பது சில நேரம் மண் கலந்த கரி; சில நேரம் வேறு ஊர்த் தேங்காய், அவ்வளவே. அதேபோல வெள்ளைச் சாம்பலும் உத்தரவாதம் அல்ல. சுண்ணாம்பு வகைக் கனிமம் ஒன்றை மாவோடு சேர்த்துவிட்டால் சாம்பல் வெளுக்கும். கூடவே சாம்பலின் அளவும் ஏறும், சூடு இறங்கும். நிறத்துக்கு மட்டும் விலை வைக்கும் சந்தை இந்தத் தந்திரத்துக்குத் தானே பரிசு கொடுக்கிறது.

ஆண்டுக்கணக்கில் தொழிலில் இருப்பவர்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களே என்று கேட்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே ஆலையிலிருந்து ஒரே வகைச் சரக்கு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு நிறமாற்றம் பயனுள்ள எச்சரிக்கை. போன முறை வெளுத்து வந்த சாம்பல் இந்த முறை செம்மை பூத்தால், கரி வாங்கிய இடம் மாறியிருக்கிறது அல்லது சலிப்பதில் அலட்சியம் புகுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் இரண்டு வேறு ஆலைகளின் சரக்கை அருகருகே வைத்து, வெளுத்தது நல்லது, கறுத்தது மட்டம் என்று தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் உதவாது.

எடை அப்படி ஏமாற்றாது. 2000-ல் வந்த இந்தோனேசியாவின் கரிக்கட்டித் தேசியத் தரம் சாம்பலை நூற்றுக்கு 8 வரை அனுமதிக்கிறது. இறைச்சி வாட்டும் கரிக்கட்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் 18 வரை விட்டுக்கொடுக்கிறது. ஹூக்கா வியாபாரமோ இரண்டு, இரண்டரைக்கு மேல் ஏற்பதில்லை. இது வீண் பிடிவாதம் அல்ல. அடுப்புக் கரியின் சாம்பல் கம்பித் தட்டுக்குக் கீழே உதிர்ந்துவிடும். ஹூக்காவில் அது கட்டியின் மேலேயே போர்வையாகப் படிந்து கங்கின் சூட்டை மறைக்கும். 14 கிராம் கட்டியில் நூற்றுக்கு 2 சாம்பல் என்றால் மிஞ்சுவது 0.28 கிராம், 8 என்றால் 1.1 கிராமுக்கு மேல். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று போதும். எட்டோ பத்தோ கட்டிகளை முழுதாக எரியவிட்டு, ஆறிய சாம்பலை நிறுத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வீட்டில் எரித்த சாம்பலில் எரியாத கரித்துணுக்கு கொஞ்சம் இருக்கும்; அதனால் எண் ஆய்வகச் சான்றிதழைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். அதைச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டாம், ஒரு சரக்கை இன்னொரு சரக்கோடு ஒப்பிட்டால் போதும். சாம்பல் பொடியாக உதிராமல் கண்ணாடிச் சில் போல உருகி ஒட்டியிருந்தால், மணலும் பொட்டாசியமும் சேர்ந்து விளையாடியிருக்கின்றன என்று கொள்ளலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஆய்வகச் சான்றிதழ் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. சான்றிதழை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். அதில் பெருமையாகப் போட்டிருக்கும் நிலைக் கார்பன் என்ற எண்ணை யாரும் நேரடியாக அளப்பதில்லை. ஈரம், சாம்பல், சூட்டில் ஆவியாகும் பொருள் மூன்றையும் அளந்து, நூறிலிருந்து கழித்த மிச்சம் அது. அந்த மூன்றில் எங்கே பிழை நேர்ந்தாலும் மிச்சம் அதைச் சுமக்கும். அந்த எண் உலர்ந்த கரிக்குக் கணக்கிட்டதா, வந்த நிலையிலுள்ள கரிக்கா என்பதும் பல சான்றிதழ்களில் கண்ணில் படாத எழுத்தில்தான் இருக்கும். வெப்ப மதிப்பிலும் ஒரு எளிய சோதனை உண்டு. சுத்தமான கார்பன் எரிந்தாலே கிலோவுக்கு 7,800 கிலோகலோரியை ஒட்டித்தான் வரும். ஈரமும் சாம்பலும் பசையும் கலந்த கட்டிக்கு 8,500 என்று ஒருவர் எழுதித் தந்தால் அந்தத் தாளின் மற்ற எண்களையும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வகம் சோதித்தது விற்பவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரு கைப்பிடி. கப்பலில் ஏறிய பதினெட்டு டன்னில் அது எத்தனையில் ஒன்று என்பதைத் தாள் சொல்லாது.

இனி அந்த முதல் பத்து நிமிடம். மின்கம்பி அடுப்பில் கட்டியை வைத்து, திருப்பித் திருப்பிச் சுடும்போது நல்ல கரி ஆரம்பத்தில் லேசாக ஆவி விடலாம், புகையக் கூடாது. புகையும் தார் நெடியும் வந்தால் சிரட்டை அரைகுறையாகச் சுடப்பட்டிருக்கிறது, ஆவியாகும் பொருள் உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். அதிகச் சூட்டில் முழுதாகச் சுட்டால் கரியின் எடை குறையும். எடை போட்டு விற்பவருக்கு அது நட்டம். அதனால் அரைச்சூட்டில் நிறுத்தும் ஆசை எந்தக் குழியிலும் இருக்கும். வெடித்துப் பொறி பறந்தால் ஈரமோ மணலோ மரக்கரிக் கலப்போ காரணமாக இருக்கலாம். எந்தக் காரணமானாலும் கம்பளமும் ஆளும் இருக்கும் அறைக்கு அந்தக் கரி ஆகாது. கட்டியின் எல்லாப் பக்கமும் சிவக்கிறதா, ஒரு மூலை கறுத்தே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலை அணைந்து நின்றால் பிசைவதில் மாவு திரண்டிருக்கிறது. நன்றாகக் கனிந்த பிறகு இடுக்கியால் எடுத்துத் தட்டில் மெல்லத் தட்டினால் உடையாமல் இருக்க வேண்டும். பச்சைக் கட்டியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல், நெருப்பில் வாய் பிளப்பது இந்த நேரத்தில்தான். விழுந்து உடையாத கட்டி நெருப்பில் உடைவதும் உண்டு; அதனால்தான் ஒரு மீட்டர் சோதனையை நம்பி நிற்க முடியாது என்கிறேன்.

சீக்கிரம் பற்றுவது தரமல்லவா என்றும் கேட்பார்கள். தீக்குச்சியிலேயே பற்றிக்கொள்ளும் வட்டக் கரி வேறு இனம். அதில் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற ஆக்சிஜன் தரும் உப்பு கலந்திருக்கும். பற்றும்போது சுர்ரென்று பொறி ஓடி நெடி கிளம்புவது அதனால்தான். சிரட்டைக் கட்டி மெதுவாகப் பற்றுவது குறை இல்லை. அழுத்தம் கூடிய கட்டி தாமதமாகப் பற்றி நீண்ட நேரம் நிற்கும், அழுத்தம் குறைந்தது சட்டென்று பற்றிச் சட்டென்று தீரும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று கேட்பவருக்கு வியாபாரி எதையாவது கலந்துதான் கொடுக்க முடியும்.

தரம் என்ற சொல்லை இவ்வளவு நேரம் பயன்படுத்திவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நல்ல கரி என்பது பாதுகாப்பான கரி அல்ல. பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஹூக்கா புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழ 90 விழுக்காடு புகையிலையிலிருந்து வரவில்லை, கரியிலிருந்து வருகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனிலும் பெரும்பகுதி அப்படியே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நெடியில்லாத கரி கெட்ட கரியைவிடச் சுகமாக இருக்கும். அந்தச் சுகமே மூடிய அறையில் ஆளை நெடுநேரம் உட்கார வைக்கும். இயற்கைக் கரி, ரசாயனமில்லாத கரி என்ற பெட்டி வாசகங்கள் இந்த வாயுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, கார்பன் எரியும் இடத்தில் அது இருக்கும். தமிழ்நாட்டில் ஹூக்கா கூடங்களைத் தடை செய்யும் சட்டத்திருத்தம் 2022-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. அப்படியிருக்க இந்தக் கரியின் தரத்தைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்றால், மட்டமான கரி குடிப்பவருக்கு மட்டும் கேடு செய்வதில்லை. சுடுபவரின் ஊர்க் காற்றுக்கும், அதை ஏற்றிச் செல்லும் மாலுமிக்கும் அதில் பங்கு உண்டு.

மாலுமி என்றது மிகையல்ல. புதிதாகச் சுட்ட கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி உள்ளுக்குள் சூடேறும். ஆறாமல் பெட்டியில் அடைத்து, பெட்டிகளைக் கொள்கலன் கூரைவரை அடுக்கினால் சூடு போக வழியின்றித் தானே தீப்பிடிக்கும். 2019 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் எரிந்த யான்டியன் எக்ஸ்பிரஸ் கப்பலின் தீ, தேங்காய்க் கரி இருந்த கொள்கலன் ஒன்றில் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மன் விசாரணை கண்டது. அந்தச் சரக்கின் தாளில் கரி என்ற சொல்லே இல்லை. இப்படிப்பட்ட தீ விபத்துகள் அடுக்கடுக்காக நேர்ந்த பிறகுதான் சர்வதேசக் கடல்வழி அபாயச் சரக்கு விதிகள் இறுகின. 2026 தொடக்கத்திலிருந்து கப்பலேறும் கரியை அபாயச் சரக்காகவே அறிவிக்க வேண்டும். வழக்கமாக 14 நாள் ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும், அடைக்கும் நாளில் கரியின் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, சுட்ட தேதியும் அடைத்த தேதியும் சூடும் தாளில் ஏற வேண்டும். வெள்ளைச் சாம்பல் படத்தில் இந்தக் குறை எதுவும் தெரியாது.

காங்கேயம் பகுதியில் தொட்டி சுடுவதற்கு எதிராக ஊர்க்காரர்கள் எழுப்பும் குரலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் புகார் செய்யும் அந்தப் புகை என்ன? சரியாக எரிந்து போயிருக்க வேண்டிய தாரும் ஆவியும்தான். திறந்த குழியில் சுட்டு, மேலே தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது மண்ணும் ஈரமும் கரியில் சேர்கின்றன. அணைத்த நீர் கிணற்றுப் பக்கம் இறங்குகிறது. ஆக ஊர்க்காரரின் குறையும் வாங்குபவரின் குறையும் ஒரே குழியில்தான் பிறக்கின்றன. மூடிய உலையில் சுட்டு, வெளிவரும் வாயுவை அதே உலையில் எரித்து, சிமென்ட் தளத்தில் தண்ணீரில்லாமல் ஆற வைத்தால் இரண்டு குறையும் சேர்ந்து குறையும். அதற்கு முதலீடு வேண்டும். நிறத்துக்குப் பணம் கொடுக்கும் சந்தையில் அந்த முதலீடு திரும்பி வராது. கரியைச் சலித்துச் சாம்பலை வெளுக்க வைப்பது அதைவிட மலிவு. ஒப்பந்தத்தில் நிறம் என்ற வரியை அடித்துவிட்டு, வாங்குபவர் தானே எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்கும் பத்துக் கட்டிகளின் சாம்பல் எடை, பற்றும்போது புகை இருக்கிறதா இல்லையா, சுட்ட தேதி ஆகிய மூன்றையும் எழுதினால், உலை போட்டவருக்கும் குழி தோண்டியவருக்கும் ஒரே விலை கிடைக்காது.