நிலம் விரிந்தால் போதுமா? ‘ஹேலோ இன்ஃபினிட்’ சொல்லும் பாடம்

இருபது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வீடியோ கேம் தொடருக்குப் புதிய பாகம் எழுதுவது லேசான வேலையில்லை. பழையதையே கொடுத்தால் அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்பார்கள். மாற்றிக் கொடுத்தால் இது எங்கள் ஆட்டமே இல்லை என்பார்கள். விண்வெளிப் போரைக் களமாகக் கொண்ட ‘ஹேலோ’ தொடர் இந்த இரண்டு வசவுகளையும் மாறி மாறி வாங்கியிருக்கிறது. கதையை முன்னோக்கி நகர்த்திய அதன் கடைசிப் பெரும் பாகமான ‘ஹேலோ இன்ஃபினிட்’ 2021 டிசம்பர் 8 அன்று வந்தது. அதை ஆடிப் பார்க்கும் எவருக்கும் ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு விடைகள் கிடைக்கும். ஆடுபவரின் கையில் கொடுத்த ஒரு புதிய கருவி தொடருக்கு உயிர் தருகிறது. காலடியில் விரித்துப் போட்ட பெரிய நிலமோ அந்த உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. ஒரு துப்பாக்கிச் சண்டைத் தொடர் புதுப்பிக்கப்பட வேண்டியது சண்டைக்குள்தான், பரப்பளவில் அல்ல என்பதே என் வாதம்.

இதைப் புரிந்துகொள்ள முதல் பாகத்துக்குப் போக வேண்டும். 2001 நவம்பர் 15 அன்று மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, கூடவே வந்தது பங்கி நிறுவனத்தின் ‘ஹேலோ: காம்பேட் இவால்வ்ட்’. இந்த வகை ஆட்டத்துக்கு மவுஸும் கீபோர்டும்தான் சரி என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. பங்கி அந்த நம்பிக்கையைச் சில எளிய முடிவுகளால் உடைத்தது. சுடுவதற்கு ஒரு பட்டன், குண்டு வீச ஒரு பட்டன், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவனை அடிக்க ஒரு பட்டன். எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை, மூன்றும் எந்த நொடியிலும் தயார். சுமக்க முடிந்தது இரண்டே துப்பாக்கிகள் என்பதால், எதை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்ற கணக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் மாஸ்டர் சீஃபின் ஷீல்டு அடிபட்டால் கரையும், சில நொடிகள் அடிபடாமல் ஒதுங்கினால் தானே நிரம்பும். எதிரிகளும் நின்ற இடத்தில் நின்று சாகிறவர்கள் அல்ல. எலைட் படைவீரன் ஷீல்டு தீர்ந்ததும் மறைவிடம் தேடுவான். தலைவன் விழுந்தால் குட்டையான கிரண்ட் கூட்டம் அலறிக்கொண்டு சிதறும். இவை எல்லாம் சேர்ந்தபோது ஒவ்வொரு மோதலும் பாய்ந்து, பதுங்கி, யோசித்து, மறுபடி பாய்கிற ஒரு சிக்கலாக மாறியது. அந்தத் தாளம்தான் ஹேலோ.

2007-ல் ‘ஹேலோ 3’ அமெரிக்காவில் முதல் நாளிலேயே 17 கோடி டாலர் வசூலித்ததற்கு விளம்பரமும் ஒரு காரணம்தான். ஆனால் ஆட்கள் அந்த ஆட்டத்தை வருடக்கணக்கில் விடாமல் ஆடியதற்குக் காரணம் இந்தத் தாளமே. 2010-ல் ‘ரீச்’ பாகத்தோடு பங்கி விடைபெற, பொறுப்பு 343 இண்டஸ்ட்ரீஸ் கைக்குப் போனது. ‘ஹேலோ 4’ (2012), ‘ஹேலோ 5’ (2015) இரண்டிலும் உழைப்புக்குக் குறைவில்லை. சறுக்கியது வேறிடத்தில். எல்லோரும் எப்போதும் வேகமாக ஓடலாம் என்ற வசதியை எடுத்துக்கொள்வோம். சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் ஓடும்போது சுட முடியாது. நகர்வதும் சுடுவதும் ஒரே செயலாக இருந்த ஆட்டத்தில் ‘ஒன்று நகரு, இல்லையேல் சுடு’ என்ற பிளவு வந்துவிட்டது. அடிபட்டவன் ஓடித் தப்பிவிடுகிறான் என்பதால் ‘ஹேலோ 5’-ல் ஓடும்போது ஷீல்டு நிரம்பாது என்று இன்னொரு விதி போட வேண்டியிருந்தது. ஒரு வசதி தாளத்தைக் கெடுக்க, அதைச் சரிக்கட்ட இன்னொரு விதி! ‘ஹேலோ 4’-ல் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆயுதங்களோடு களமிறங்கலாம் என்று வந்தபோது, எல்லோரும் சமமாகத் தொடங்கி, களத்தில் கிடக்கும் நல்ல துப்பாக்கிக்காக மோதுகிற பழைய சுவாரஸ்யமும் மங்கியது.

‘இன்ஃபினிட்’ இந்த இடத்தில் மிகத் தெளிவாக யோசித்திருக்கிறது. மல்டிபிளேயரில் அனைவருக்கும் மறுபடி ஒரே தொடக்கம். ஓட்டம் இருக்கிறது, ஆனால் நடைக்கும் அதற்கும் வேக வித்தியாசம் கொஞ்சம்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக மாஸ்டர் சீஃபின் இடது கையில் ஒரு கொக்கிக் கயிறு, கிராப்பிள்ஷாட். ஒரு மோதலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கதை நடக்கும் ஜீட்டா ஹேலோ என்ற வளைய உலகில், எதிரிகளான பேனிஷ்ட் படையின் ஒரு முகாம். கேடயத்தோடு ஜக்கால்கள் முன்வரிசை, பின்னால் ஒரு ப்ரூட், கோபுரத்தில் குறிபார்த்துச் சுடுபவன். ஓரத்தில் இருக்கும் வெடிகலனைக் கொக்கியால் இழுத்துக் கையில் வாங்கி வீசினால் கேடய வரிசை சிதறும். அதற்குள் ஷீல்டு தீர்ந்து எச்சரிக்கை ஒலிக்கும். பழைய ஆட்டத்தில் இந்த நொடியில் பின்வாங்க வேண்டும். இங்கே கயிற்றைக் கோபுர விளிம்பில் மாட்டி மேலே எழும்பலாம், ஷீல்டு நிரம்பும் நேரத்தை அந்தரத்திலேயே சம்பாதிக்கலாம், இறங்கும் வேகத்தில் மேலே இருப்பவனை வீழ்த்தி அவன் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளலாம். பறந்து வரும் பேன்ஷீ விமானத்தில் கயிற்றை மாட்டி அதன் விமானியைத் தூக்கி எறியக்கூட முடியும். கவனிக்க வேண்டியது இதைத்தான்: கயிறு பழைய விதி எதையும் ரத்து செய்யவில்லை. ஷீல்டு அப்படியே, இரண்டு துப்பாக்கி அப்படியே, எதிரியின் புத்தி அப்படியே. பின்வாங்குவதும் தாக்குவதும் ஒரே அசைவுக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். ஓட்டம் பிரித்ததைக் கயிறு சேர்த்து வைத்தது.

இத்தனை நல்ல கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டம் நம்மை ஒரு பரந்த நிலத்தில் விடுகிறது. எதிரியிடமிருந்து மீட்க வேண்டிய தளங்கள், காப்பாற்ற வேண்டிய வீரர்கள், அழிக்க வேண்டிய முகாம்கள் என வரைபடம் முழுக்கக் குறியீடுகள். முதல் சில மணி நேரம் உற்சாகம்தான். பிறகு ஒரு முகாமுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் குறைகிறது. பெரும்பாலும் அதே கிரண்ட், அதே ஜக்கால், அதே ப்ரூட், அதே ஊசியிலைக் காடு. முதல் பாகத்திலும்தான் இடங்கள் திரும்ப வந்தன என்று ஒருவர் மடக்கலாம். நியாயம். அதன் பின்பாதி, முன்பாதியில் பார்த்த இடங்களுக்கே நம்மைத் திருப்பி அனுப்பியது. ஆனால் இடையில் ஃப்ளட் என்ற ஒட்டுண்ணிக் கூட்டம் நுழைந்துவிட்டிருந்தது. மறைவிடம் தேடும், பயந்து ஓடும் எதிரிகளுக்காகக் கற்ற பாடம் எதுவும், உயிர் பயமே இல்லாமல் மேலே வந்து விழும் அந்தக் கூட்டத்திடம் செல்லவில்லை. இடம் பழையது, சிக்கல் புதியது. ‘இன்ஃபினிட்’ நிலம் இதற்கு நேர் எதிர்: முகாம் புதியது, சிக்கல் பழையது. ஃப்ளட் இந்தப் பாகத்தில் இல்லவே இல்லை. அதற்கு ஈடாக நம் பழக்கத்தைக் கலைத்துப் போடும் எதிரியும் இல்லை. பெயரும் தனி ஆயுதமும் கொண்ட சில முக்கியக் குறிகளை வேட்டையாடும் மோதல்களில் மட்டும் அந்தப் பழைய பொறி தெரிகிறது.

கொக்கிக் கயிறு வீசி விளையாட விரிந்த நிலம் வேண்டாமா, இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். வெளி வேண்டும் என்பது உண்மை. ஆனால் வெளி வேறு, பரப்பளவு வேறு. முதல் பாகத்தின் ‘தி சைலன்ட் கார்ட்டோகிராஃபர்’ கட்டம் ஒரு தீவு. எந்தப் பக்கமும் சுற்றலாம், ஜீப்பிலும் போகலாம், நடந்தும் போகலாம். ஆனாலும் எந்த வளைவில் எந்த எதிரி எதிர்ப்படுவான் என்பது யோசித்து வைக்கப்பட்டிருந்தது. சுதந்திரம் ஆடுபவருக்கு, பொறுப்பு வடிவமைத்தவருக்கு. அந்தத் தீவின் அளவுள்ள ஐந்தாறு களங்களில், ஒவ்வொன்றிலும் புதிய சிக்கலோடு இந்தக் கயிறு வந்திருந்தால் அதன் ருசி இன்னும் பல மடங்கு தெரிந்திருக்கும்.

இன்னும் சிலர், ஹேலோவை ஆடுவது மாஸ்டர் சீஃபுக்காகவும் அவனுடைய பழைய துணையான கார்டானா என்ற செயற்கை நுண்ணறிவுக்காகவும்தான், சண்டை அப்புறம்தான் என்பார்கள். கதைமேல் அவர்கள் வைத்திருக்கும் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ‘இன்ஃபினிட்’ கதையைப் பாருங்கள். முந்தைய பாகத்தில் வில்லியாக மாறிய கார்டானாவின் முடிவு, ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அது நினைவுத் துண்டுகளாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. அப்படியும் மாஸ்டர் சீஃப், துணைக்கு வரும் ‘வெப்பன்’ என்ற செயற்கை நுண்ணறிவு, வீடு திரும்பத் தவிக்கும் விமானி மூவருக்கும் இடையிலான உறவு மனதில் நிற்கிறது. அந்தக் காட்சிகள் பலமாக இருப்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் முக்கியக் கட்டங்களில்தான். நிலத்தில் அலையும் நேரத்தில் கதை நின்று போகிறது. ஆக, கதைப் பிரியர்களுக்கும் துரோகம் செய்தது அந்தப் பரப்புதான்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. வடிவமைப்பை ஏன் குறை சொல்ல வேண்டும், ஆட்டம் தளர்ந்தது நிர்வாகத்தால்தான் என்பது. 2020 ஜூலையில் காட்டிய முன்னோட்டம் கேலிக்குள்ளாகி வெளியீடு ஓராண்டு தள்ளிப்போனது. இலவசமாக வந்த மல்டிபிளேயரின் முதல் சீசன் 2022 மே வரை இழுத்தது. நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து கதைப் பகுதியை ஆடும் வசதி 2022 நவம்பரில்தான் வந்தது. அதையே ஒரே திரையில் இருவர் சேர்ந்து ஆடும் வசதி கைவிடப்பட்டது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை என் வாதத்துக்கு எதிரான சாட்சிகள் அல்ல. பெரிய நிலத்தைக் கட்டி நிரப்புவதற்கு ஆளும் காலமும் வேண்டும், அதில் செலவாகும் ஒவ்வொரு மாதமும் வேறெதிலோ குறையும். ஒரே சோபாவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடுவது இந்தத் தொடரின் பிறவிக் குணம். அதைவிட மலைகளும் குறியீடுகளும் முக்கியம் என்று எடுத்த முடிவை வெறும் நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. எது ஹேலோ என்ற கேள்விக்குச் சொன்ன தவறான பதில் அது.

343 இண்டஸ்ட்ரீஸ் 2024-ல் ஹேலோ ஸ்டூடியோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தன் சொந்த எஞ்சினை விட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறுவதாகச் சொன்னது. மறு ஆண்டு அக்டோபரில் முதல் பாகத்தின் கதைப் பகுதியைப் புதிதாகக் கட்டும் ‘ஹேலோ: கேம்பெயின் இவால்வ்ட்’ அறிவிக்கப்பட்டது. ஒரே திரையில் இருவர் ஆடும் வசதி அதில் திரும்புகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் பழைய பாகத்துக்கு மெருகு போடுவதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த புதிய பாகம் அறிவிக்கப்படும் நாளில் ரசிகர்கள் கேட்க வேண்டியது வரைபடம் எவ்வளவு பெரியது என்றல்ல. மாஸ்டர் சீஃபின் கை இதுவரை செய்யாத எதைச் செய்யப்போகிறது, அந்தக் கைக்கு ஈடுகொடுக்கும் எந்தப் புதிய எதிரி காத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். கொக்கிக் கயிறு முதல் கேள்விக்கு அருமையான பதில். இரண்டாவது கேள்விக்கு ‘இன்ஃபினிட்’ பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் ஆட்டம், அளவில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இந்தத் தொடரை இன்னொரு இருபது ஆண்டுகள் கொண்டுபோகும்.