வயல் மருந்து கட்டிலுக்கு ஆகாது

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீந்ததைக் கட்டிலில் தெளித்து, அன்றிரவு அதே மெத்தையில் உறங்கிய ஒரு தாயும் மகனும் அண்மையில் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். இருவரும் பிழைத்தனர். "நெற்பயிரில் பூச்சி செத்தது, மூட்டைப்பூச்சியும் சாகும் என்று நினைத்தேன், டாக்டர்" என்றார் அந்தத் தாய்.

அவர் சொன்ன கதிர் நாவாய்ப்பூச்சியும் மூட்டைப்பூச்சியும் உறவினமே. இரண்டிற்கும் குத்தி உறிஞ்சும் ஊசி போன்ற வாயுறுப்பு உண்டு, இரண்டும் ஐந்து முறை தோலுரித்து வளர்கின்றன, நசுக்கினால் நாறுகின்றன. ஆனால் உணவு வேறு.

நாவாய்ப்பூச்சி, பால் பிடிக்கும் நெல்மணியின் சாற்றை உறிஞ்சிப் பதராக்குகிறது. அது திறந்த வயலில் பறந்து திரிவது. மூட்டைப்பூச்சிக்கோ பறக்கும் சிறகு இல்லை, இரத்தமே உணவு. இரவில் ஐந்து முதல் பத்து நிமிடம் குடித்துவிட்டு, மெத்தைத் தையலிலும் கட்டில் இடுக்கிலும் ஒளிந்துகொள்கிறது. உணவின்றிப் பல மாதங்கள் வாழும். தெளிக்கும் மருந்து அந்த இடுக்குகளை முழுதும் எட்டுவதில்லை. உறங்குபவரின் தோலையும் மூச்சையும் எட்டிவிடுகிறது.

மூட்டைப்பூச்சிக் கடியால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். அது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் மருத்துவரைக் காணுங்கள்.

செய்ய வேண்டியவை:

• படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள்.
• இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீரைக் கவனமாக ஊற்றுங்கள். சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள்.
• வீடு திரும்புமுன் பை, பாய், போர்வைகளைச் சோதியுங்கள். வார்டில் பூச்சியைக் கண்டால் செவிலியரிடம் கூறுங்கள். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.
• பூச்சி குறையாவிடில் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரை அழையுங்கள்.

பூச்சிமருந்து பட்ட பின் மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உதவுபவர் கையுறை அணிந்து, நோயாளியின் ஆடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். மருந்துப் புட்டியையும் உடன் கொண்டு வாருங்கள்; அதன் பெயர் தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

மூட்டைப்பூச்சி உறக்கத்தைத்தான் கெடுக்கும். தவறான மருந்து உயிரையே பறிக்கக்கூடும்.