பிறந்தும் அழாத பிள்ளைக்கு

2006 ஓகஸ்டில் போரால் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, மாங்குளத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி நீண்டுகொண்டு போனால் லான்ட்மாஸ்டரில் ஏற்றி, குண்டும் குழியுமான பாதையால் மல்லாவிக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டு ஓடவேண்டியிருந்தது. வவுனியாவுக்கு அனுப்புவதென்றால் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்க அனுமதி வேண்டியிருந்தது. வயிற்றுப் பிள்ளையின் மூளை ஒட்சிசன் இல்லாமல் அவ்வளவு நேரம் தாங்காது. "பிறந்த உடன பிள்ளை அழேல்லை" என்ற பேச்சுக்குப் பின்னால் பலவேளை அந்த மணித்தியாலங்கள்தான் இருந்தன. அப்படிப் பிறந்த பிள்ளையைத் துடைத்து, மூச்செடுக்க வைத்து, சூடு குறையாமல் பொத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் மேலைநாடுகளில் சிகிச்சை வேறு திசைக்குத் திரும்பியது. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் உடல் வெப்பத்தை 33, 34 பாகை செல்சியசுக்கு இறக்கி 72 மணித்தியாலம் வைத்திருந்தால் மூளைப் பாதிப்புக் குறைகிறது என்று 2005 முதல் ஆய்வுகள் காட்டின. இன்று லண்டனில் அது வழமையான சிகிச்சை. எங்கட பிள்ளையளுக்கு ஏன் அது இல்லை என்று அங்கிருந்து உறவுகள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

பதில் எங்கள் பிள்ளைகளிடமிருந்தே வந்துவிட்டது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் நாடுகளின் 7 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 408 சிசுக்களுடன் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. ராகமையும் சென்னையும் அதில் இருந்தன. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 வீதம் பேர் இறந்தார்கள். வழமையான பராமரிப்புப் பெற்றவர்களில் 31 வீதம். கருவி இல்லாத இடங்கள் அல்ல அவை. நல்ல கருவிகளோடும் அனுபவமுள்ள வைத்தியர்களோடும் வந்த முடிவு இது. அதனால்தான் எனக்கு இது வலிக்கிறது.

ஏன் இப்படி? இங்குள்ள பல பிள்ளைகளுக்கு மூளைக் காயம் திடீரென வருவதில்லை, பிறப்பதற்கு முன்பே மெல்ல மெல்ல நடந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நிலையில் குளிர் மேலும் ஒரு சுமை. இந்தியாவில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் ஈரத்துணியாலோ ஏசியாலோ பிள்ளையைத் தாமாகக் குளிர்விக்க எவரும் துணியக்கூடாது. காய்ச்சல் ஏறவிடுவதும் தீங்கு.

இன்று ஏ9 காப்பெட் வீதி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. அந்த நீண்ட மணித்தியாலங்களைக் குறைக்க இப்போது முடியும். குளிர்விக்கும் கருவிக்குப் பணம் சேர்க்க நினைக்கும் புலம்பெயர் உறவுகளே, முதலில் வைத்தியசாலையிடம் கேளுங்கள்: பிரசவ அறையில் சிசுவின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்க என்ன தேவை, முதல் நிமிடத்திலேயே மூச்சுக் கொடுக்கத் தெரிந்த தாதியர் ஒவ்வொரு இரவும் இருக்கிறார்களா?