வாகனக் குளிர்பெட்டி: தேர்ந்தெடுக்கும் முறை

குளிர்ச்சியை உண்டாக்குவதைக் காட்டிலும், உண்டாக்கிய குளிர்ச்சியைக் காப்பதே கடினம். காசிமேட்டு மீனவர் இதனை நன்கறிவர். உடைத்த ஐஸை மீனின் இடையே பரப்பிப் படகின் அடியறையை இறுக மூடியே அவர்கள் கரை சேர்கின்றனர். 1833-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேறிய ஏரிப் பனிக்கட்டி, நான்கு மாதம் கடலில் வந்தும், பாதிக்கு மேல் கரையாமல் கல்கத்தாவை அடைந்தது. பின்னர் அவ்வாறே சென்னைக்கும் வந்தது. கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் அதனைச் சேமித்த இடமே.

மாத்தூர், மாதவரம், மணலி வட்டாரத்து அங்கத்தினருள் வேனில் நெடும்பயணம் செல்வோர் உண்டு. குழந்தைக்குப் பாலும், நோயாளிக்கு இன்சுலினும் உடன்கொண்டு செல்வோர் உண்டு. சாலையில் நமக்குள்ள மின்சாரம் பாட்டரியில் உள்ள அளவே. பொருத்தமற்ற பெட்டி அதனைத் தீர்த்துவிட்டால், பாலும் கெடும், வண்டியும் கிளம்பாது.

விலை குறைந்தது, மின்தகட்டினால் குளிரூட்டும் பெட்டி. அது வெளிவெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரி மட்டுமே தணிக்கும். 40 டிகிரி வெயிலில் உள்ளே 20 டிகிரி என்றால் பால் தாங்குமா? அன்றியும், 50 வாட் வீதம் ஓயாமல் ஓடினால் நாளொன்றுக்கு 1,200 வாட்-மணி செலவாகும். எரிவாயுவில் இயங்கும் பெட்டியோ சமதளத்தில் நிற்க வேண்டும். ஓடும் வண்டியில் சுடர் எரிவது ஆபத்து.

12 வோல்ட் கம்பிரஸர் பெட்டியே சிக்கனமானது. வேண்டிய குளிர் வந்ததும் அது தானே நின்றுவிடும். 45 வாட் பெட்டி நாளில் 8 மணி நேரம் ஓடுமெனில் செலவு 360 வாட்-மணி, அதாவது 30 ஆம்பியர்-மணி. ஈய அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆதலால் 60 ஆம்பியர்-மணி பாட்டரி தேவை. அது வண்டியைக் கிளப்பும் பாட்டரியாய் இராமல் தனியாய் இருத்தல் நலம். நல்ல வெயிலில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 400 வாட்-மணி அளித்து இச்செலவை ஈடுசெய்யும்.

வீட்டுக் குளிர்பெட்டியை இன்வெர்ட்டர் மூலம் ஓட்டினால், மின்சாரத்தில் ஒரு பகுதி அக்கருவியிலேயே வீணாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை: சுவர் தடித்திருக்க வேண்டும். கதவு மேற்புறம் திறப்பதாயின் குளிர்காற்று கீழே வழிந்து போகாது. பாட்டரி தளர்ந்ததும் தானே நிறுத்தும் அமைப்பு வேண்டும். குடும்பத்திற்குத் தேவையான கொள்ளளவே போதும். பெரிதாயின் செலவும் பெரிது. கடைக்காரரிடம், "40 டிகிரி வெயிலில் நாளொன்றுக்கு எத்தனை வாட்-மணி?" என்று கேளுங்கள். விடை கூறாதவரிடம் வாங்குவதற்கு அவசரம் வேண்டாம்.

வாங்கியபின், புறப்படும் முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே வையுங்கள். காற்றுத் துவாரத்தை மூட்டை முடிச்சுகளால் அடைக்காதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. மிச்சமோ ஒவ்வொரு நாளும் உண்டு.